நகம் பார்க்கும் முறை: வேலை போட்ட அடையாளம் எது, வருத்தம் போட்ட அடையாளம் எது

மலையகத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒருவரின் கட்டைவிரல் நகத்தையும் ஆட்காட்டி விரல் நகத்தையும் மட்டும் பார்த்து அவருக்கு என்ன வருத்தம், அதாவது என்ன நோய், என்று யாராலும் சொல்ல முடியாது. நாள் முழுக்கக் கிள்ளும் அந்த விரல்களில் தேயிலைச் சாறு ஏறி ஓரம் கறுத்திருக்கும், நுனி தேய்ந்திருக்கும், நகத்தில் கீறல் விழுந்திருக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஊறி நகம் மெலிந்தும் போயிருக்கும். கவ்வாத்து வெட்டுகிறவருக்குக் கத்தி பிடிக்கும் கையில் அடி பட்ட நகம் இருக்கும். மருந்து அடிக்கிறவருக்குக் கலக்கும்போது கையில் பட்ட களைக்கொல்லியால் நகம் வெளுத்து, சில வேளை கழன்றே விழும். இவையெல்லாம் வேலை போட்ட அடையாளங்கள்.

நகத்தைப் பற்றி இணையத்தில் ஓடும் பட்டியல்களை அப்படியே பிடித்தால் ஒரு லயத்தில் பாதிப் பேரை நோயாளி என்று சொல்ல வேண்டி வரும். ஆகவே வேலையின் அடையாளத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு மோதிர விரலும் சுண்டு விரலும் ஏற்றவை. அவற்றில் வேலை குறைவு. இரண்டு கைகளையும் பார்த்த பிறகு கால் பெருவிரலுக்குப் போகலாம்.

பார்ப்பதற்கு முன்

கியூட்டெக்ஸ் இருந்தால் முழுக்க அழியுங்கள். மருதோன்றி நகத்தில் ஏறினால் அழியாது, நகம் வளர்ந்துதான் வெளியேறும். அதனால் கையெல்லாம் மருதோன்றி போட்டாலும் ஒரு கையின் மோதிர விரல் நகத்தையாவது வெறுமையாக விட்டு வைப்பது நல்லது. விரலில் மாட்டி ஒக்சிஜன் அளக்கும் கருவி அடர்ந்த கியூட்டெக்ஸிலும் மருதோன்றியிலும் பிழையாகக் காட்டக்கூடும். ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களிடம் நகத்தைத் துடைத்துவிட்டு வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேயிலைக் கறைக்குச் சவர்க்காரமும் பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷும் போதும். கத்தியால் சுரண்ட வேண்டாம். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கையில் நிறம் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். சீனி வருத்தம் உள்ளவர் தண்ணீரின் சூட்டைத் தானே விரலால் பார்க்கக் கூடாது, வேறு ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். லைட் வெளிச்சம் மஞ்சளாகக் காட்டும். பகலில் ஸ்தோப்பில் உட்கார்ந்து பாருங்கள். நேர் வெயில் வேண்டாம், மூட்டமான நாளின் வெளிச்சமே போதும்.

ஒரு அடிமட்டத்தை விரலுக்குப் பக்கத்தில் வைத்து ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நகத்தில் ஒரு நாள் பார்ப்பதைவிட இரண்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் அதிகம் சொல்லும்.

எதைக் கண்டாலும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எத்தனை விரலில் இருக்கிறது? ஒரே விரல் என்றால் பெரும்பாலும் அந்த விரலுக்கு ஏதோ நடந்திருக்கிறது: அடி, கிருமி, அரிதாக ஒரு கட்டி. பத்து விரலிலும் ஒரே மாதிரி என்றால் உடம்பு முழுக்க ஏதோ நடந்திருக்கிறது, அல்லது பத்து விரலும் ஒரே தண்ணீரில் ஊறியிருக்கிறது.

அழுத்தினால் மாறுகிறதா? நகம் தானாக நிறம் கொண்டதல்ல, கண்ணாடி போன்றது. அதன் கீழே இருக்கும் சதையின் இரத்தம்தான் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. நுனியை அழுத்தும்போது ஒரு வெள்ளைக் கோடு மறைந்தால் அது நகத்தின் அடியில் இருக்கும் சதையில் உள்ளது. மறையாவிட்டால் நகத்துக்குள்ளேயே உள்ளது.

நகம் வளரும்போது கூடவே நகர்கிறதா? கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும், நாளுக்கு 0.1 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். அடியிலிருந்து நுனி வரை முழுதாக மாற ஆறு மாதம் பிடிக்கும். கால் பெருவிரல் நகத்துக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். நகத்துக்குள் இருக்கும் அடையாளம் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் முன்னால் போகும். சதையில் இருப்பது அங்கேயே நிற்கும்.

வெளிறிய நகம், கரண்டி நகம்

மலையகத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். இரத்தச் சோகையில் நகத்தின் இளஞ்சிவப்பு வடிந்து, சுண்ணாம்பு கலந்த மாதிரி ஆகிவிடும். நகத்தை மட்டும் நம்ப வேண்டாம். கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பாருங்கள், நாக்கைப் பாருங்கள். உள்ளங்கை தடித்த வேலைக்காரர்களில் உள்ளங்கை நிறம் உதவாது. மூன்று இடமும் வெளிறியிருந்து, ஏற்றம் ஏறும்போது மூச்சு வாங்குதல், படபடப்பு, தலைச்சுற்று, மண்ணோ பச்சை அரிசியோ தின்னத் தோன்றுதல் சேர்ந்திருந்தால் இரத்தம் சோதிக்கத் தாமதிக்கக் கூடாது.

இரும்புச் சத்துக் குறைவு நீண்டால் நகம் மெலிந்து, நடுப்பகுதி பள்ளமாகி, ஓரங்கள் மேலே எழும். கரண்டி போலத் தோன்றுவதால் அதைக் கரண்டி நகம் என்கிறோம். அதைச் சோதிக்க ஒரு துளி தண்ணீர் போதும். கையை மேசையில் தட்டையாக வைத்து, மோதிர விரல் நகத்தின் நடுவில் தீக்குச்சியின் ஈர நுனியால் ஒரு துளி விடுங்கள். சாதாரண நகம் குவிந்திருப்பதால் துளி ஓரத்துக்கு வழியும். கரண்டி நகத்தில் துளி பள்ளத்தில் தங்கி நிற்கும். கையை மெல்லச் சாய்த்தாலும் உடனே ஓடாது. இரண்டு மூன்று விரலில் இப்படி நின்றால்தான் கணக்கில் எடுங்கள். கைக்குழந்தையின் கால் நகம் கரண்டி மாதிரி இருப்பது பெரும்பாலும் இயற்கை, தானாகச் சரியாகும். எந்நேரமும் சவர்க்காரத் தண்ணீரிலும் எண்ணெயிலும் கை வைப்பவர்களுக்கும் நகம் மெலிந்து வளையலாம்.

ஏன் இங்கே இது அதிகம் என்பதற்கு நான்கு காரணம் சொல்லலாம். மாதவிலக்கில் அதிகம் போவது. அடுத்தடுத்த பிரசவம். கொக்கிப்புழு, அதாவது வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறிக் குடலில் இரத்தம் குடிக்கும் புழு. இலங்கைத் தோட்டங்களில் இதை ஒழிக்க ரொக்ஃபெல்லர் மன்றம் 1916ஆம் ஆண்டிலேயே வேலை தொடங்கியது என்றால் பிரச்சினை எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளலாம். நான்காவது, கோப்பையில் இருக்கிறது. ரொட்டியோடு சாயத்தண்ணி குடிக்கும் பழக்கம். ரொட்டி, பருப்பு, கீரையிலுள்ள இரும்பைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்ளும், குடல் உறிஞ்ச முடியாது. தேத்தண்ணியை விடச் சொன்னால் மலையில் யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விட்டால் போதும். தேத்தண்ணி இருந்த இடத்தில் தேசிக்காய்த் தண்ணி வந்தால், அல்லது சாப்பிட்ட கையோடு ஒரு கொய்யாக்காய் கடித்தால், விற்றமின் சி அதே இரும்பை உறிஞ்ச உதவும். ஈரல், இறைச்சி, மீன், நெத்தலிக் கருவாடு ஆகியவற்றில் உள்ள இரும்பு கீரையின் இரும்பைவிட எளிதாகச் சேரும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எஃப்.பி.சி. என்னும் முழு இரத்தச் சோதனை இலவசம். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்குப் பெண்களில் 12 கிராமுக்குக் கீழ், கர்ப்பிணிகளில் 11க்குக் கீழ் (நடு மூன்று மாதத்தில் 10.5க்குக் கீழ்), ஆண்களில் 13க்குக் கீழ் போனால் சோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆணுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விடக் கூடாது. இரைப்பையிலோ குடலிலோ எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். புண், மூலம், புற்றுநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தலசீமியா என்னும் பரம்பரை இரத்த வருத்தத்தின் சாயல் உள்ளவர்களும் வெளிறித் தெரிவார்கள். அவர்களுக்கு இரும்பு குறைந்திருக்காவிட்டால் இரும்பு மாத்திரை உதவாது. ஆகவே சோதனை இல்லாமல் மாதக்கணக்கில் வாங்கி விழுங்க வேண்டாம்.

மாத்திரை பலன் தராமல் போவது பெரும்பாலும் குடிக்கும் முறையால்தான். கர்ப்பிணிகள் கிளினிக்கில் இரும்பு மாத்திரையும் கல்சியம் மாத்திரையும் ஒன்றாகக் கையில் கிடைக்கும். ஒன்றாக விழுங்கினால் கல்சியம் இரும்பைத் தடுக்கும். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் எடுங்கள். இரும்பை வெறும் வயிற்றில், தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணியோடோ குடிக்க வேண்டும். பாலோடும் தேத்தண்ணியோடும் கூடாது. வயிறு குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் குடிக்கலாம், நிறுத்துவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். ஆனால் தார் போலப் பளபளத்து, ஒட்டி, நாற்றமடித்தால் அது இரத்தமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் உடம்பின் சேமிப்பு நிரம்பாது. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு கிளினிக்கில் தரும் புழு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அதுவும் இரத்தத்துக்காகத்தான்.

நகம் மாறுவதற்குப் பொறுமை வேண்டும். பழைய நகம் சரியாகாது. அடியிலிருந்து வரும் புது நகம்தான் சமமாக வரும். இரண்டாம் மாதப் படத்தில் அடிப்பாகம் தட்டையாகி, நுனி மட்டும் பள்ளமாக இருந்தால் வைத்தியம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

நீலம்: குளிரா, நெஞ்சா?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி தெரியும் நாட்களில் நகம் நீலம் பாய்வது புதினமல்ல. கையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். நிறம் திரும்பி, நாக்கும் உதடும் சிவந்தே இருந்தால் அது குளிர். விரல்கள் முதலில் வெள்ளை, பிறகு நீலம், பிறகு சிவப்பு என்று மாறி மாறி வலித்தால் இரத்தக் குழாய்கள் இறுகும் ஒரு வருத்தம். ஆபத்துக் குறைவு, ஆனாலும் டொக்டரிடம் சொல்ல வேண்டியது. கை சூடான பிறகும் நகம் நீலமாக இருந்து, நாக்கும் நீலமானால் உடம்பில் ஒக்சிஜன் போதவில்லை. தோட்ட டிஸ்பென்சரி வரை நடக்க வைக்காமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியுலன்ஸ் காசு வாங்காது. பால் குடிக்கும்போது நீலம் பாயும் குழந்தைக்கும் இதே அவசரம்.

டெங்கு என்று தெரிந்த பிள்ளைக்கும் நகம் ஒரு காவல். கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு விரல் நகத்தை வெளுக்கும்வரை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். குளிர்ந்த கையில் நேரம் கூடும், ஆகவே கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மோசமான நேரம். காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது நகத்தின் சிவப்புத் தாமதமாகத் திரும்புவது, கை கால் சில்லிடுவது, வயிற்று வலி, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நகம் சரியாகத் திரும்புகிறது என்பதற்காக மற்ற அறிகுறிகளை விட்டுவிடவும் கூடாது.

விரல் நுனி திரளுதல்

விரல் நுனி முரசுக் குச்சியின் தலை போலத் திரண்டு, நகம் மணிக்கூட்டுக் கண்ணாடி போல வளைந்து, அடிப்பாகத்தை அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும். வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டு கைகளின் மோதிர விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம், நுனி மூட்டோடு மூட்டு ஒட்டும்படி முதுகுக்கு முதுகாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நகங்களின் அடியில் சிறிய சாய்சதுர இடைவெளி தெரிய வேண்டும். அது அடைந்துபோயிருந்தால் நுனி திரண்டிருக்கிறது. தென்னாபிரிக்க இதய வைத்தியர் லியோ ஷாம்ரொத் இதை 1976இல் எழுதினார். தன் இதய உட்சுவரில் கிருமி தொற்றியபோது தன் விரல்களிலேயே கவனித்தது.

சளியோடு நீண்ட நாள் இழுக்கும் நுரையீரல் வருத்தம், நுரையீரல் புற்றுநோய், பிறவி இதயக் குறைபாடு, ஈரல் சுருக்கம் ஆகியவற்றில் இது வரும். பரம்பரையாகச் சிறு வயதிலிருந்தே இருப்பவர்களும் உண்டு, அதில் பயமில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விறகடுப்புப் புகையாலும் சுருட்டு பீடியாலும் வரும் நாட்பட்ட மூச்சுத் திணறல் தனியாக விரலைத் திரள வைப்பதில்லை. பழைய மூச்சுக்காரர் ஒருவருக்கு விரல் புதிதாகத் திரண்டால், "அது பழைய வருத்தம்தானே" என்று விடாமல் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் நகம் எப்படி இருந்தாலும் காசநோயா என்று அறியச் சளிச் சோதனை செய்யுங்கள். மார்பு நோய்க் கிளினிக்குகளில் இலவசம்.

கோடுகளும் புள்ளிகளும்

வெள்ளைப் புள்ளியில் தொடங்கலாம். கொக்குக் கூட்டம் பறக்கும்போது பிள்ளைகள் நகத்தைக் காட்டிப் பூ கேட்பார்களே, அந்தப் பூ. கல்சியம் குறைவு என்று சொல்லி மாத்திரை வாங்குவோர் ஏராளம். உண்மையில் நகவேரில் பட்ட சின்னச் சின்ன அடிகளின் தடம் அது. வளர்ந்து நுனியில் வெட்டுப்பட்டுப் போகும். நகத்தில் பூ விழுந்தால் புது உடுப்புக் கிடைக்கும் என்று நம்புவதில் ஒரு நட்டமும் இல்லை.

குறுக்காகப் போகும் பள்ளம் வேறு விஷயம். கடும் காய்ச்சல், பெரிய ஒப்பரேஷன், புற்றுநோய் மருந்து போன்றவற்றில் நகவேர் சில நாள் வேலையை நிறுத்தும். அந்த இடைவெளிதான் பள்ளமாக வெளிவருகிறது. பிரெஞ்சு வைத்தியர் போ 1846இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். இதில் தேதி கணக்கிடலாம். நகத்தின் அடித்தோல் ஓரத்திலிருந்து பள்ளம் வரை அடிமட்டத்தால் அளங்கள். 6 மில்லிமீற்றர் என்றால் இரண்டு மாதம். தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் வேரிலிருந்து வெளிவர எடுத்த சில வாரத்தையும் கூட்டுங்கள். அந்தக் கணக்கில் ஒரு காய்ச்சல் நினைவுக்கு வந்து, எல்லா விரலிலும் பள்ளம் ஒரே தூரத்தில் இருந்தால் காரணம் அதுதான், வைத்தியம் எதுவும் வேண்டாம். கை, கால், வாயில் கொப்புளம் போடும் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து நகம் அடியிலிருந்து கழன்று வரலாம். பெற்றோர் பதறுவார்கள். புது நகம் வரும்.

அழுத்தினால் மறையும், நகத்தோடு நகராத, சோடி சோடியான வெள்ளைப் பட்டைகள் இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் குறைந்ததைச் சொல்லும். முகம் ஊதுதல், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். நகத்தின் அடிப்பாதி வெள்ளை, நுனிப்பாதி செம்பழுப்பு என்று பிரிந்திருந்தால் சிறுநீரகத்தை நினையுங்கள். சீனியும் பிரஷரும் பல வருடமாக உள்ளவருக்குக் கிரியேட்டினின் சோதனை எப்படியும் வேண்டியதுதான். நகம் முழுக்க வெள்ளையாகி நுனியில் ஒரு மெல்லிய பழுப்புப் பட்டை மட்டும் மிஞ்சினால் ஈரல் சுருக்கம், இதயப் பலவீனம், சீனி, அல்லது வெறும் முதுமை. நடுத்தர வயதில் குடிப்பழக்கமும் கால் வீக்கமும் சேர்ந்திருந்தால் ஈரல்தான் முதலில்.

சிம்பு ஏறியது போலச் சின்னச் சின்னச் செங்கோடுகள் நுனிப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் அடி பட்டதால்தான். பல விரலில், அடிப்பக்கமாக, விடாத காய்ச்சலோடு வந்தால், அதுவும் இதய வால்வில் பழுது உள்ளவருக்கு வந்தால், இதயத்தில் கிருமி ஏறியிருக்கலாம். அது அன்றே பார்க்க வேண்டிய விஷயம்.

ஒரே விரலில் கறுப்புக் கோடு

நம் நிறத்தவர்களுக்குப் பல விரல்களில் நீளவாக்கில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது இயல்பு. வயதோடு கூடும். கவலைப்பட வேண்டியது ஒரே நகத்தில், அதிலும் கைக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாகத் தோன்றும் கோடு. அகலம் 3 மில்லிமீற்றரைத் தாண்டுவது, அடிப்பக்கம் அகன்று நுனிப்பக்கம் ஒடுங்குவது, நிறம் சீராக இல்லாதது, நகம் பிளப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கறுப்பு நகத்தைத் தாண்டி அடித்தோலில் படர்வது. இவை தோல் புற்றுநோயின் அடையாளங்களாக இருக்கலாம். பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தின் அடியில் கண்டது இந்த வகைதான். 1981இல், 36 வயதில் இறந்தார்.

அடி பட்ட கறுப்பா என்று பார்க்க, கறுப்பின் அடி எல்லையில் நகத்தின் மீது பிளேட்டால் மெல்லக் கீறி அடையாளம் வையுங்கள். சீனி வருத்தம் உள்ளவர் கீறாமல் படம் மட்டும் எடுக்கட்டும். அடிபட்ட இரத்தம் நகத்தோடு முன்னால் போகும், பின்னால் தெளிந்த நகம் வரும். கைநகத்தில் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், கால் நகத்துக்கு இரண்டு மூன்று மாதம். அடி வரை கறுப்பு விடாமல் நின்றால் தோல் நோய்க் கிளினிக். நுவரெலியா, பதுளை, கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத் தோட்ட டொக்டரிடம் கடிதம் வாங்கிப் போகலாம். தோலில் படர்ந்த கறுப்புக்கு இந்தக் காத்திருப்பே வேண்டாம்.

நகச்சுத்தியும் நகச்சொத்தையும்

ஒரே இரவில் ஓரம் சிவந்து, வீங்கி, விண்விண் என்று தெறிப்பது கிருமி ஏறிய நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் மாட்டுவது குளிர்ச்சியாக இருக்கும், சீழை வெளியேற்றாது. வெடித்த தோலில் புளிப்புப் பட்டால் எரிச்சல்தான் மிச்சம். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். சீழ் கட்டி மஞ்சள் தெரிந்தால் ஊசியால் குத்தாமல் டிஸ்பென்சரியில் வெட்டி எடுக்க வேண்டும். கையில் சிவப்புக் கோடு ஏறினாலும் காய்ச்சல் வந்தாலும் அன்றே. சீழுக்குப் பதில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கூட்டமாக இருந்தால் அது வைரஸ், அதை வெட்டவே கூடாது.

ஆறு வாரத்துக்கு மேல் இழுக்கும் நகச்சுத்தி வேறு ஜாதி. வலி குறைவு, பல விரலில், அடித்தோலின் மெல்லிய ஓரம் தேய்ந்து நகத்துக்கும் தோலுக்கும் நடுவே இடுக்கு விழுந்திருக்கும். அந்த ஓரம்தான் தண்ணீர் புகாமல் காக்கும் பசை. மழையில் கொழுந்து, வீட்டில் பாத்திரம், துணி என்று கை காய நேரமில்லாதவர்களுக்கு அது திரும்ப ஒட்டுவதில்லை. நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரை மட்டும் தின்று தீராததற்குக் காரணம் இதுதான். கையைக் காய வைப்பதுதான் மருந்து. துவைக்கும்போது பருத்திக் கையுறை உள்ளே, றப்பர் கையுறை வெளியே. றப்பர் மட்டும் போட்டால் வியர்வையில் ஊறும். வேலை முடிந்ததும் விரல் இடுக்குவரை துடைத்து, ஓரத்தில் வாஸ்லைன். அடித்தோலைத் தள்ளவோ வெட்டவோ வேண்டாம். டொக்டர் தரும் பூச்சும் சேர்ந்து சரியாக மாதங்கள் ஆகும். அடிக்கடி வருகிறதென்றால் வெறும் வயிற்றில் சீனி சோதியுங்கள்.

நகம் தடித்து, மஞ்சளாகி, அடியில் மா போல உதிர்வது நகச்சொத்தை, அதாவது பூஞ்சை. கம்பூட்ஸுக்குள் நாள் முழுக்க ஈரமான காலில் அதிகம். ஆனால் தடித்த நகத்தில் கணிசமானவை பூஞ்சையே அல்ல. பழைய அடி, செதில் நோய் (சொரியாசிஸ்), முதுமை எல்லாம் அப்படித் தெரியும். ஆகவே நகத்துண்டைச் சோதித்த பிறகே மாத்திரை. வழமையாகத் தருவது டேர்பினஃபீன் 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, கை நகத்துக்கு ஆறு வாரம், கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம். ஈரல் நோயாளிக்கு ஆகாது, கடையில் கேட்டு வாங்கும் மருந்தல்ல. மருந்து முடிந்தும் நகம் அசிங்கமாகவே தெரிகிறதென்று கைவிடுகிறார்கள். கால் நகம் வளர்ந்து மாற வருடம் ஆகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கம்பூட்ஸை இரவில் கவிழ்த்துக் காய வையுங்கள், காலுறையை நாளுக்கு நாள் மாற்றுங்கள், நகவெட்டியை வீட்டில் எல்லோரும் பகிர வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்லக் கூடியவை

தையல் விரற்கூடு போல நகத்தில் சின்னச் சின்னக் குழிகள்: செதில் நோய் அல்லது புழுவெட்டு, தலையையும் முழங்கையையும் பாருங்கள். நகம் நுனியிலிருந்து அடிச்சதையை விட்டு எழுந்தால் காரணம் அடி பட்டது, ஈரம், பூஞ்சை. அத்தோடு கை நடுக்கம், எடை குறைவு இருந்தால் தைரொய்ட். எழுந்த இடம் பச்சையானால் ஈரத்தில் வளரும் ஒரு கிருமி, தளர்ந்த பகுதியை வெட்டிக் காய வைத்தால் தீரும். நீளவாக்கில் மெல்லிய வரிகள் வயதால் வருபவை. நகத்தின் அடியில் உள்ள வெள்ளைப் பிறை தெரியாவிட்டால் நோய் என்று சொல்வதை நம்ப வேண்டாம், பலருக்குக் கட்டைவிரலில் மட்டும்தான் பிறை தெரியும். நகம் ஒடிகிறதென்று பயோட்டின் மாத்திரை வாங்குவதும் பெரும்பாலும் வீண். அது தைரொய்ட், இதயம் தொடர்பான சில இரத்தச் சோதனைகளையும் குழப்பும். அந்த மாத்திரை எடுப்பவர்கள் சோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள்.

காட்டப் போகும்போது

ஃபோனில் உள்ள படங்களோடு, குடிக்கும் எல்லா மருந்தின் அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, கொண்டு போங்கள். கை கால் இருபது நகத்திலும் கியூட்டெக்ஸ் இருக்கக் கூடாது. என்ன வேலை, கை எத்தனை மணி நேரம் ஈரத்தில் இருக்கும், என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பூஞ்சைச் சோதனை என்றால் நகத்தை முந்தின நாள் சுத்தமாக வெட்டிவிட்டுப் போகாதீர்கள், வெட்டிய பிறகு சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. பூசும் பூஞ்சை மருந்தை எத்தனை நாள் முந்தி நிறுத்த வேண்டும் என்று சோதனைக்குத் திகதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.